படப் புத்தகத்தை வீட்டு டிவிக்குக் கொண்டுவருவது எப்படி: சாட்ஸ்வொர்த் ஆயா ஒருத்தியின் செய்முறை

என் பேத்திக்கு நான்கு வயது. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். கிரெஷ் (குழந்தைகள் காப்பகம்) விட்டதும் என்னிடம் வந்துவிடுவாள். கிரெஷில் ஆங்கிலமும் கொஞ்சம் சுலுவும், அம்மா அப்பாவோடு ஆங்கிலம், டிவியில் ஆங்கிலம். தமிழுக்கு அவளுக்கு நான் ஒருத்திதான். 1860-இல் நம்மவர்களோடு டர்பனில் வந்து நின்ற முதல் கப்பலிலிருந்து எண்ணினால் அவள் எத்தனையாவது தலைமுறையோ. இங்கே பல வீடுகளில் தமிழ் சாமி பாட்டிலும் சமையல் பெயரிலும் மட்டும் நிற்கிறது. நான் பல வருஷம் சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு எடுத்தவள். அ, ஆ அழகாக எழுதிவிட்டு, வீட்டுக்குப் போய் ஒரு வாக்கியம் பேசாத பிள்ளைகளைத்தான் அதிகம் பார்த்தேன்.

ஒரு மழை நாள் மத்தியானம், படப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்த ஆங்கிலப் படம் டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தை அடைத்துவிட்டுக் கதையை நானே தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். பேத்தி திரும்பி என் வாயைப் பார்த்தாள், அப்புறம் திரையைப் பார்த்தாள். முடிந்ததும் "ஆயா, அகெய்ன்" என்றாள். அடுத்த வாரம் அவளே அதற்கு "ஆயா டிவி" என்று பேர் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நானே 11 படம் செய்துவிட்டேன். எல்லாம் போனில் எடுத்தவை. வகுப்பில் பிள்ளைகளிடம் என்னால் வரவழைக்க முடியாத தமிழ் வாக்கியங்கள் இதில் அவள் வாயில் தானாக வருகின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த வேலையை ஆரம்பித்து வைத்தவரைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் மார்ட்டன் ஷிண்டல் என்பவர் 1953-இல் வெஸ்டன் வுட்ஸ் என்ற படநிறுவனத்தைத் தொடங்கினார். நல்ல படப் புத்தகங்களை அப்படியே படமாக்குவதுதான் அவர் ஆசை. ஓவியங்களைத் திரும்ப வரையவில்லை, ஆட வைக்கவில்லை. புத்தகத்தின் பக்கத்தையே கேமராவுக்குக் கீழே வைத்து, கதை போகிற வழியில் கேமராவை நகர்த்தினார். வாத்து நடந்தால் கேமரா அதோடு நடக்கும், பிள்ளை பயந்தால் கேமரா அந்த முகத்துக்குப் போகும். பின்னால் அனிமேஷன் படங்களும் செய்தார்கள். அவை 16 மில்லிமீட்டர் பிலிமில் பள்ளிக்கூடங்களுக்கும் நூலகங்களுக்கும் போய், அப்புறம் வீடியோ கேசட்டாகவும் டிவிடியாகவும் வீடுகளுக்கு வந்தன. அசையாத படம், அசையும் கேமரா, பேசும் குரல், இவ்வளவுதான் வித்தை. வீட்டில் நம்மாலும் முடிகிற வித்தை.

படம் எடுக்கப் போகுமுன் இரண்டு வாரம் சும்மா சத்தத்தை அடைத்துக் கதை சொல்லிப் பழகுங்கள். அதற்கு ரேமண்ட் பிரிக்ஸின் 'தி ஸ்னோமேன்' மாதிரி சுலபமானது எதுவும் இல்லை. 1978-இல் வந்த அந்தப் புத்தகத்தில் வார்த்தையே கிடையாது. 1982-இல் வந்த படத்திலும் கதாபாத்திரங்கள் பேசுவதில்லை, நடுவில் ஒரு பாட்டு மட்டும். அதனால் பின்னணி இசையைக் கூட அடைக்க வேண்டாம், கொஞ்சம் குறைத்து வைத்துக்கொண்டு மேலே பேசலாம். டர்பன் பிள்ளைக்குப் பனி தெரியாது. நான் பிரிஜ்ஜைத் திறந்து, ஐஸ் பெட்டியின் ஓரத்தில் படிந்திருந்ததைச் சுரண்டி அவள் உள்ளங்கையில் வைத்தேன். "இதுதான் பனி. வானத்திலிருந்து இது விழுந்தா எப்படி இருக்கும்?" அதற்கப்புறம் அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

எதுகை மோனையோடு ஓடும் ஆங்கிலக் கதைகளில் இதைச் செய்யாதீர்கள். 'ஸ்டிக் மேன்' படத்தின் உயிரே அந்தச் சந்தம்தான், சத்தத்தை அடைத்தால் பாதி போய்விடும். அதை ஆங்கிலத்திலேயே பாருங்கள். 2015-இல் வந்த அந்தப் படத்தின் அனிமேஷன் நம் கேப் டவுனில், டிரிகர்ஃபிஷ் ஸ்டுடியோவில் செய்தது. பிள்ளைகளிடம் அதைச் சொல்லுங்கள். படம் என்பது எங்கோ தூரத்தில் செய்து வருவது என்ற நினைப்பு போகட்டும்.

பழைய கேசட்டும் டிவிடியும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த கேசட் நம்மூர் விசிஆரில் சரியாக ஓடாமல் போவதற்குக் காரணம், அங்கே என்டிஎஸ்சி (NTSC), இங்கே பால் (PAL) என்று வேறு வேறு வீடியோ முறை. டிவிடியிலும் அதே கதைதான்: அமெரிக்கா ஒன்றாம் மண்டலம், தென்னாப்பிரிக்கா இரண்டாம் மண்டலம். எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் இருந்தால் பார்க்கலாம். கேசட்டின் மூடியைத் தூக்கிப் பாருங்கள், நாடாவில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சணம். நம் கடலோர ஈரத்தில் அது சகஜம். அதை மெஷினில் போடாதீர்கள், ஹெட்டும் கெட்டுவிடும். என் மகன் சின்ன வயதில் பார்த்த ஒரு கேசட்டை டிவிடியாக மாற்றக் கடையில் கொடுத்து, நாடா கிழிந்து திரும்பி வந்தது. அதில் அவன் குரலும் இருந்தது. பார்த்துக்கொண்டே அவன் பேசியதை அவன் அப்பா மேலே பதிந்து வைத்திருந்தார். இன்றும் அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். கொடுப்பதென்றால் முதலில் ஒரு முக்கியமில்லாத கேசட்டைக் கொடுத்து வேலையைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

சரி, இனி நாமே எடுப்பது.

புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது எழுத்து குறைவாகவும் ஓவியத்தில் வேலை அதிகமாகவும் இருப்பதைப் பாருங்கள். படப் புத்தகம் பொதுவாக 32 பக்கம். பேச்சு நிறைய இருந்தால் ஒரே பக்கம் திரையில் ஒரு நிமிஷம் நிற்கும், பிள்ளை எழுந்து போய்விடும். முதல் முயற்சிக்கு நான் பாட் ஹச்சின்ஸின் 'ரோஸிஸ் வாக்' எடுத்தேன். 1968-இல் வந்தது. முழுப் புத்தகமும் ஒரே வாக்கியம், ஆங்கிலத்தில் 32 வார்த்தை. ரோஸி என்ற கோழி உலாவப் போகிறது. பின்னால் ஒரு நரி வருகிறது. எழுத்தில் நரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஓவியத்தில் மட்டும்தான் நரி.

போட்டோ எடுக்கத் தனி ஸ்டாண்ட் வாங்க வேண்டாம். துணி காயப்போடும் மடக்கு ஸ்டாண்டை விரித்து, இரண்டு கம்பிக்கு நடுவில் லென்ஸ் கீழே பார்க்கிற மாதிரி போனைப் படுக்க வைத்து, ரப்பர் பேண்டால் கட்டினேன். புத்தகம் தரையில், கறுப்பு சால்வை மேல். வெளிச்சம்தான் பெரிய விஷயம். வெள்ளைக்காரர் எழுதிய குறிப்புகளில் வடக்கு ஜன்னல் நல்லது என்று இருக்கும். அவர்கள் ஊருக்கு அது சரி. இங்கே பூமத்திய ரேகைக்குக் கீழே இருக்கிறோம், சூரியன் வடக்குப் பக்கம்தான் போகும். நமக்குத் தெற்கு ஜன்னல்தான் நேர்வெயில் விழாத, சீரான வெளிச்சம். அந்த ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் திரையைப் போட்டு, காலை பத்து மணி வாக்கில் எடுங்கள். கூரை விளக்கை அணைத்துவிடுங்கள். நான் முதல் தடவை ராத்திரி டியூப்லைட்டில் எடுத்தேன். வழவழப்பான தாளில் வெள்ளையாக ஒரு கோடு எல்லாப் பக்கத்திலும் விழுந்தது. பேத்தி ஒவ்வொரு பக்கத்திலும் "ஆயா, அது என்ன?" என்று கேட்டாள். நரியை விட்டுவிட்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் திரும்ப எடுத்தேன்.

போன் திரையில் புத்தகத்தின் நடுப்பகுதியை விரலால் அழுத்திப் பிடித்தால் போகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். அதைச் செய்யாவிட்டால் ஒரு பக்கம் வெளிச்சமாகவும் அடுத்தது இருட்டாகவும் வரும். மூன்று வினாடி டைமர் வையுங்கள், கை பட்டு ஆடாது. பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் ஓரத்தில் துணி மாட்டும் கிளிப் போடுங்கள். மேலே கண்ணாடி வைக்காதீர்கள், நம் முகம்தான் அதில் தெரியும். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு போட்டோ, ஒவ்வொரு பக்கமும் தனியாக ஒன்று, முக்கியமான இடம் கிட்டத்தில் ஒன்று. ஏன் கிட்டத்தில் தனியாக என்றால், 12 மெகாபிக்சல் போட்டோ ஏறக்குறைய 4000 புள்ளி அகலம், முழு எச்டி திரை 1920. அதனால் இரண்டு மடங்கு வரை பெரிதாக்கலாம். அதற்கு மேல் போனால் கோழியின் கண் கலங்கிப்போகும்.

இனிக் குரல். இதில்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன், நீங்களும் செலவழிக்க வேண்டும் என்பேன். எழுதி வைத்து வாசிக்காதீர்கள். புத்தகத்தை மடியில் வைத்து, பிள்ளை பக்கத்தில் இருப்பதாக நினைத்துச் சொல்லுங்கள். ரோஸியின் நடையில் ஆங்கிலம் முழுக்க 'எங்கே, எதன் மேலே, எதன் கீழே' என்கிற சின்ன வார்த்தைகளில் ஓடுகிறது. அவை பெயருக்கு முன்னால் வரும். தமிழில் அவை பின்னால் போய்விடும். முதலில் நான் சொல்லுக்குச் சொல் வைத்துப் பார்த்தேன், நொண்டியது. அப்புறம் முன்னால் இடத்தைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினேன். "முற்றத்துக்கு... குறுக்கே. குளத்தை... சுத்தி. வைக்கோல் போர்மேல... ஏறி. வேலிக்குள்ள... நுழைஞ்சு. தேன்கூட்டுக்கு... அடியில." அந்த நிறுத்தத்தில் கேமரா நகரும். மூன்றாம் நாள் அந்த நிறுத்தத்தில் பேத்தி எனக்கு முன்னால் "அடியில!" என்று கத்தினாள். இலக்கணப் பாடத்தில் நான் ஒரு மாதம் சொல்லிக் கொடுத்திருப்பேன் அதை.

நரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். எனக்கும் நாக்கு துறுதுறுத்தது. ஆனால் புத்தகம் செய்தவர் அதைப் பிள்ளைக்கென்று விட்டு வைத்திருக்கிறார். குரல் கோழியைப் பற்றியே பேசட்டும், கேமரா மட்டும் மெதுவாகப் பின்னால் நகர்ந்து நரியைக் காட்டட்டும். கண்டுபிடிப்பது பிள்ளையின் வேலை.

பேர்களில் துணிந்து கை வையுங்கள். ராபர்ட் மெக்ளாஸ்கியின் 'மேக் வே ஃபார் டக்லிங்ஸ்' 1941-இல் வந்த புத்தகம், பாஸ்டன் நகரத்தில் ஒரு வாத்துக் குடும்பம், வாகனங்களைப் போலீஸ்காரர் நிறுத்தி அவற்றுக்கு வழிவிடுகிற கதை. எட்டுக் குஞ்சுக்கும் ஜாக், காக், லாக் என்று ஆங்கில அகரவரிசையில் பேர். அதை அப்படியே தமிழில் சொன்னால் வரிசையின் ருசி போய்விடும். நான் நம் மெய்யெழுத்து வரிசையில் வைத்தேன்: கக், சக், தக், நக், பக், மக், லக், வக். பேத்தி குளிக்கும்போது இதைப் பாட்டாகப் பாடுகிறாள். ஆனால் பாஸ்டனை டர்பன் ஆக்கவில்லை, போலீஸ்காரரையும் நம்மூர்க்காரர் ஆக்கவில்லை. பேர் நாக்குக்கு விளையாட்டு, மாற்றலாம். ஊர் கதையுடையது, அதை மாற்றினால் ஓவியம் பொய்யாகிவிடும்.

பதிவு செய்ய வீட்டிலேயே நல்ல இடம் துணி அலமாரி. கதவைத் திறந்து, தொங்கும் புடவைகளுக்கு நடுவில் முகத்தை வைத்துப் பேசினால் எதிரொலி இருக்காது. போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில். நேராக வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும். விடிகாலையில் பதியாதீர்கள், ஹடீடா பறவைகள் கூரைமேல் வந்து கத்தும். மத்தியானம் டாக்சி ஹாரன். எங்கள் தெருவில் ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான் அமைதி. பக்கம் பக்கமாகப் பதியுங்கள். தப்பு வந்தால் நிறுத்தாமல் ஒரு தடவை கை தட்டிவிட்டு அந்த வாக்கியத்தைத் திரும்பச் சொல்லுங்கள். வெட்டும்போது தட்டிய இடம் ஒலிக் கோட்டில் உயரமாகத் தெரியும், தேட வேண்டாம்.

படத்தையும் குரலையும் சேர்ப்பதற்கு கேப்கட், ஐமூவி என்று வீடியோ வெட்டி ஒட்டும் ஆப் எதுவானாலும் சரி. முதலில் குரலை முழுசாக வைத்துவிட்டு, அதற்கு மேல் படத்தை அடுக்குங்கள். படத்துக்குக் குரலை இழுக்காதீர்கள். ஐமூவி போட்டோவைப் போட்டதும் தானாகவே ஒரு நகர்வைக் கொடுத்துவிடும். அதற்குக் கதை தெரியாது, கோழியை வெட்டிவிட்டு வைக்கோலைக் காட்டும். நகர்வு தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் நீங்களே வையுங்கள். கேப்கட்டில் அதற்கு கீஃப்ரேம் என்று பேர்: தொடக்கத்தில் ஒரு புள்ளி, முடிவில் ஒரு புள்ளி, நடுவில் அது தானாக நகரும். பக்கத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஆறு ஏழு வினாடிக்குக் குறையாமல் போகட்டும். எல்லாப் பக்கத்திலும் நகர வேண்டியதும் இல்லை. ஒரு காரணம் இருந்தால் மட்டும் நகருங்கள், யாராவது நடக்கிறார்கள், யாராவது பார்க்கிறார்கள், ஏதோ ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு புதுப் பக்கமும் வந்ததும் இரண்டு வினாடி பேசாமல் முழுப் படமாக நிற்கட்டும். பிள்ளையின் கண் முதலில் போய் உட்கார இடம் வேண்டும்.

இந்த முறைக்கு அடங்காத புத்தகமும் உண்டு. எரிக் கார்லின் 'தி வெரி ஹங்கிரி கேட்டர்பில்லர்' பக்கங்களில் நிஜமாகவே ஓட்டை இருக்கிறது, புழு தின்ற ஓட்டை. போட்டோவில் அது வெறும் கறுப்புப் பொட்டாகிவிட்டது. அதனால் அந்தப் பக்கங்களை மட்டும் வீடியோவாக எடுத்தேன், பேத்தியின் சுண்டுவிரல் ஓட்டைக்குள் நுழைந்து வெளியே வருகிற மாதிரி. திங்கள் ஒரு ஆப்பிள், செவ்வாய் இரண்டு பேரிக்காய், புதன் மூன்று பிளம் என்று நாளும் எண்ணும் சேர்ந்து வரும். ஒவ்வொரு நாள் முடிவிலும் "இன்னும் பசி அடங்கலே" என்றேன். இப்போது சாப்பாட்டு மேசையில் அதே வாக்கியம், அதே ராகத்தில் வருகிறது. இந்தப் புத்தகத்துக்குத் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த பதிப்பே இருக்கிறது, கிடைத்தால் வாங்குங்கள்.

முடிந்த படத்தை எம்பி4 கோப்பாக 1080-இல் எடுத்து யுஎஸ்பியில் போட்டால் பெரும்பாலான டிவியில் ஓடும். யுஎஸ்பி ஃபேட்32 (FAT32) முறையில் ஃபார்மேட் செய்ததாக இருக்கட்டும். ஒரு பிரதி பழைய டேப்லெட்டிலும் வையுங்கள். லோட்ஷெடிங் (மின்வெட்டு) மோசமாக இருந்த மாதங்களில் எங்களுக்குச் சாயங்காலம் முழுக்க அதுதான் கைகொடுத்தது.

காட்டும் முறையில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முதல் மூன்று ராத்திரி புத்தகம் மட்டும், மடியில். அப்புறம்தான் படம். படம் ஓடும்போது பக்கத்தில் உட்காருங்கள், சமைக்கப் போகாதீர்கள். பிள்ளை கேள்வி கேட்டால் நிறுத்தி, புத்தகத்தில் அதே பக்கத்தைத் திறந்து வையுங்கள். ஒரே படத்தை நாற்பது தடவை கேட்டாலும் போடுங்கள், சொற்கள் அப்படித்தான் ஊறும். ஆனால் ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைக்குத் திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. நம் படம் ஒவ்வொன்றும் ஐந்தாறு நிமிஷம்தான்.

இந்தப் படங்களை வீட்டுக்கு வெளியே விடாதீர்கள். யூட்யூபிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போட்டால் அந்தப் புத்தகத்தை வரைந்தவர் உழைப்பை நாம் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும். என் அக்கா மகள் பிரிட்டோரியாவிலிருந்து கேட்டபோதும் நான் அனுப்பவில்லை, செய்முறையைத்தான் சொன்னேன். எல்லோருக்கும் காட்ட ஆசை இருந்தால் அதற்கென்றே திறந்த உரிமத்தில் கதைகள் இருக்கின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலேயே நிறைய உண்டு. நம் நாட்டில் தொடங்கிய ஆஃப்ரிக்கன் ஸ்டோரிபுக் தளத்தில் சுலு, கோசா உட்படப் பல மொழிகளில் இருக்கின்றன. உரிமத்தில் என்ன போட்டிருக்கிறது என்று ஒவ்வொரு கதைக்கும் படித்துப் பாருங்கள். எழுதியவர், வரைந்தவர் பேரைப் படத்தின் கடைசியில் பிள்ளையின் குரலிலேயே சொல்ல வையுங்கள். கோயில் வகுப்புக்கு நான் காட்டுவது இவற்றைத்தான்.

அடுத்து நான் எடுக்கப் போவது நிக்கி டேலியின் 'நாட் ஸோ ஃபாஸ்ட், சொங்கொலோலோ'. கேப் டவுன்காரர், 1985-இல் வந்த புத்தகம். ஒரு சின்னப் பையன் பாட்டியோடு டவுனுக்குப் போய் சிவப்பு டாக்கீஸ் (கேன்வாஸ் ஷூ) வாங்கிக்கொண்டு வருகிற கதை. பையனின் செல்லப் பேர் சொங்கொலோலோ. மழை பெய்தால் எங்கள் தோட்டத்தில் சுருண்டு கிடக்கும் பூச்சிதான், தமிழில் மரவட்டை. பேத்திக்கு அதைத் தொட்டுச் சுருள வைக்கத் தெரியும், தமிழ்ப் பேர் தெரியாது. தலைப்பில் எதை வைப்பது என்று இரண்டு நாளாக யோசித்தேன். பையன் பேர் சொங்கொலோலோவாகவே இருக்கட்டும், பூச்சி வரும்போது மரவட்டை என்று சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். பாட்டியை அவன் 'கோகோ' என்று கூப்பிடுகிறான். அதை 'ஆயா' ஆக்கவா என்று பேத்தியைக் கேட்டேன். "இல்ல ஆயா, அவங்க கோகோ. நீங்கதான் ஆயா" என்றாள். முழு வாக்கியம், தமிழில். இன்று ராத்திரி ஒன்பதரைக்கு அலமாரியைத் திறக்கப் போகிறேன்.